வெயில் ஏறிய பிறகு ஒரு தாலிகட்டு

பருத்திப்பட்டு திருவேங்கடம் தன் மகள் தாட்சாயிணியின் கல்யாணத்துக்குப் பட்டணத்துப் போட்டோக்காரரை வரவழைத்திருந்தார். ஊரில் யாரும் செய்யாத தடபுடல் என்பதால் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

விடியற்காலை முகூர்த்தத்தில் தாலி ஏறியது. போட்டோக்காரரோ வெயில் ஏறியபின் எழுந்துவந்து, “இருட்டுல படம் விழாதுங்க. தாலியக் கழட்டி இன்னொரு தடவ கட்டச் சொல்லுங்க” என்றார்.

கூட்டம் திகைத்தது. திருவேங்கடம் மட்டும், “கழட்டும்மா, ஒரு நிமிசந்தானே” என்றார்.

“அவ்ளோ ஆசையா கீதுன்னா, அம்மாவக் குந்தவெச்சு நீயே கட்டு நைனா” என்றாள் தாட்சாயிணி.

எல்லோரும் சிரித்ததில் அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் போட்டோவை விட மனம் வரவில்லை. மனைவி நாகம்மாள் வெட்கத்தோடு மணையில் உட்கார, மஞ்சள் கயிற்றுடன் பக்கத்தில் அமர்ந்தார்.

படம் அருமையாக விழுந்தது. அதன் ஓரத்தில் மாப்பிள்ளையின் முழங்கையும் தெரிந்தது.