ரத்தினபாய் டீச்சரின் கடைசிக் கேள்வி

பீர்க்கன்கரணை ரத்தினபாய் டீச்சரிடம் நாய்க்குட்டி வாங்குவதைவிட ஒரு வீட்டில் போய்ப் பெண் கேட்பது சுலபம். வீடு சொந்தமா, பகலில் யார் இருப்பார்கள் என்று கிறிஸ்டியைத் துளைத்தெடுத்துவிட்டு, கடைசியாக, "இதுக்கு முன்னாடி உங்க வீட்ல குட்டி ஏதாவது செத்துதா?" என்றார்.

"இல்ல டீச்சர்." கணவன் காலேப் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தான்.

டீச்சர் கறுப்பு லேப்ரடார் குட்டியைத் தூக்கி நீட்டினார். கிறிஸ்டியின் கை பாதியில் நின்றது. போன மாதம் ரோட்டோரத்தில் வாங்கிய குட்டி, ரத்தமாகப் பேதி போய் இதே கையில்தான் செத்தது.

"வேணாம், குடுக்காதீங்க. பொய் சொல்லிட்டேன். எங்க குட்டி பார்வோ நோய் வந்து செத்துப்போச்சு."

டீச்சர் குட்டியை வெடுக்கென்று மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கிறிஸ்டி கேட்டைத் திறந்தபோது ஜன்னல் திறந்தது.

"அந்தக் கிருமி மாசக்கணக்குல மண்ணுலயே கிடக்கும். அறிவிருக்காம்மா உனக்கு? மூணு தடுப்பூசியும் போடுற வரைக்கும் இவன் இங்கேயே வளரட்டும், அப்புறம் வா. பேர் என்ன? இப்பவே கூப்பிட்டுப் பழக்கணும்."

கிறிஸ்டியின் வாய்வரை வந்தது செத்த குட்டியின் பெயர்தான். அதை விழுங்கிவிட்டு, "நீங்களே வைங்க டீச்சர்" என்றாள்.