அண்ணி உள்ளே போன நாள்

என் நுரையீரலில் முக்கால் பாகம் கல்லாகிவிட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். பொத்தோசி வெள்ளி மலையில் சுரங்க வேலைக்குப் போகிறவனுக்கு இது புதுச் செய்தி இல்லை. அப்பாவும் இதில்தான் போனார். எனக்கு முப்பத்தெட்டு வயது. சாவு தெரிந்த விஷயம்தான், ஆனால் மூச்சுக்கு ஏங்கிச் சாவதுதான் பயம். உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன்.

ஆகஸ்டில் இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. தம்பி வில்பர் பசி தெரியாமலிருக்க மெல்லும் கோக்கா இலையைக் கன்னம் நிறைய அடக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"கிழக்குப் பக்கம் வெள்ளி மாட்டியிருக்குண்ணா! கை அகலம்!"

இருபது வருஷத்துக்கு முன் நானும் அப்பாவும் அங்கேதான் தோண்டினோம். தண்ணீர் புகுந்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தோம்.

"அங்க வெடி வைக்காதடா. பாறைக்குப் பின்னால தண்ணி நிக்குது."

"நீங்க தோண்டினது மேல் தளம்ணா, இது வேற. நீ இப்பல்லாம் கக்கூஸ் போகக்கூடப் பயப்படுற."

நுரையீரல் போனவனுக்கு எங்கே பார்த்தாலும் ஆபத்து தெரியும் என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு. நானே பலரை அப்படிக் கிண்டல் செய்திருக்கிறேன். நேரில் போய்க் காட்டவும் வழியில்லை. இருபது அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் மலைக்கு ஒரு குணம். பெண் உள்ளே கால் வைத்தால் பொறாமைப்பட்டுத் தாதுவை ஒளித்துவிடும். ஆண்கள் அந்த இடத்தையே விட்டுவிட்டு வேறு பக்கம் தோண்டுவார்கள். என் மனைவி எவுலாலியா சுரங்க வாசலில் கல் உடைத்துத் தாது பொறுக்குகிறவள். உள்ளே போனவளுக்கு அப்புறம் வாசலில் இடமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான், கிழக்குப் பக்கம் ஒருதரம் உள்ளே போய்விட்டு வரச் சொல்லிக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நீ போயிருவ. நான் எதை வச்சுப் பிழைக்கிறது?"

"வில்பர் உயிரோட இருப்பான்."

"நிஜமாவே தண்ணி இருக்கா, இல்ல உன் பயம் பேசுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றேன்.

அடுப்பிலிருந்து சூப்பை இறக்கினாள். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். "மூடி வை. வந்து குடிக்கிறேன்."

மத்தியானம் அவளுக்குப் பின்னாலேயே வில்பர் வந்து தலைக்கவசத்தைத் தரையில் அடித்தான்.

"சுரங்கத்துக்குள்ள நாம படையல் வைக்கிற மாமா சாமி சிலை வாயில சிகரெட்டையே வச்சுட்டு வந்திருக்காங்க உன் பொண்டாட்டி! எல்லாரும் கிழக்குப் பக்கத்தை விட்டே அலறி ஓடிட்டாங்க. சாகப்போறவன்னு பாக்குறேன், இல்லன்னா..."

அழுதுகொண்டே போனான். பதினோரு நாள் வரவில்லை. எவுலாலியா வேலையில்லாமல் உருளைக்கிழங்கு உரித்தாள். என் பயத்துக்கு அவள் பிழைப்பைத் தின்னக் கொடுத்துவிட்டேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வில்பர் வாசலில் நின்றான். இடுப்பு வரை ஈரம், செம்மண் சேறு.

"பாறை தானா உடைஞ்சிருச்சுண்ணா. நாங்க வடக்குப் பக்கம் இருந்தோம். கிழக்குல ஆள் உயரத் தண்ணி, எங்க பக்கம் இடுப்பு வரைக்கும்."

எவுலாலியா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி உள்ள வந்ததாலதான் மலை தண்ணியைத் திறந்துவிட்டுச்சுன்னு பேசிக்கிறாங்க" என்றான்.

"நீ என்னடா சொல்ற?" என்று கேட்டேன்.

அவன் எவுலாலியா பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து ஒரு கிழங்கை உரிக்க ஆரம்பித்தான். ஓடி வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. என் பயம் போகவில்லை. ஆனாலும் அவன் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, சாய்ந்தபடி தூங்கிவிட்டேன்.