தங்கைக்கும் சேர்த்து மனந்திரும்பியவள்

"உன் பாவத்தைச் சொல்லணும்னா உன் பாவத்தைச் சொல்லுக்கா! என் பாவத்தை எதுக்கு எடுத்துச் சொன்ன?"

தங்கை போட்ட சத்தத்தில் தையல் கடையின் நிலைக்கண்ணாடியே அதிர்ந்தது. அளவு கொடுக்க வந்தவள் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றாள்.

"கத்தாதடி. ஆண்டவர் என்னைத் தொட்டுட்டார். உள்ளதை மறைக்கக் கூடாதுன்னுதான்..."

"தொட்டது உன்னை. அடி விழுந்தது எனக்கா?"

விஷயம் இதுதான். தியானக் கூட்டத்துக்குப் போய்வந்த தையல்காரி புது மனுஷியாகிவிட்டாளாம். அந்தச் சபையில் அப்படி ஆனவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். இவளும் நின்றாள். "நம்ம ஆர்கன்காரத் தம்பி வாசிச்சா, கட்டை மேல பூனை நடக்கிற மாதிரி இருக்குன்னு என் தங்கச்சி சொல்லுவா. அதைக் கேட்டுச் சிரிச்ச பாவி நான்" என்று கண்ணீர் மல்கச் சொன்னாள். சிரிப்பை அடக்கச் சபை பட்ட பாடு சபைக்குத்தான் தெரியும். ஆர்கன்காரனோ ஆர்கனுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வாரம்தான் தங்கையைப் பெண் கேட்டு அவன் வருவதாக இருந்தது. வரவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்தது.

"அவர் வரலன்னா உன் சாட்சியையே கட்டிக்கிட்டு வாழறேன்" என்று சொல்லிவிட்டு, தங்கை கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். அளவு கொடுக்க வந்தவளும் நைசாக நழுவினாள்.

தையல்காரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. துணிகளை ஒதுக்கிவிட்டு முழங்காலிட்டாள். "ஆண்டவரே, என் தங்கச்சிக்கு நல்ல புத்தி கொடும். தங்கச்சியோட கோபத்தை எடுத்துப்போடும். தங்கச்சி வாயை..."

பாதியில் நாக்கு நின்றது. ஜெபமா இது? கோள் அல்லவா! தெருமுனையில் சொல்வதைப் பரலோகத்துக்கும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரி, தங்கையை விட்டுவிட்டு ஜெபிப்போம் என்று பார்த்தால், சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. முழங்கால் மரத்துப்போகும்வரை காத்திருந்தாள். கடைசியில் வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"அவ போயிட்டா நான் தனி. அதனாலதான் சொன்னேன். அவன் காதுல விழட்டும்னே சொன்னேன்."

அழுகை வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் வந்தது. தியானக் கூட்டத்தில்கூட நெஞ்சு இவ்வளவு லேசாகவில்லை.

கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஆலயத்துக்கு நடந்தாள். பிழைப்புக்கு ஒயரிங் வேலை பார்க்கும் ஆர்கன்காரன், அங்கே தனியாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். பூனைதான், சந்தேகமே இல்லை.

"தம்பி, அன்னிக்கு நான் பாதியத்தான் சொன்னேன். அவ என்னை விட்டுப் போயிடுவாளேன்னு பயந்துதான் உங்க காதுல போட்டேன். தப்பு என்னோடது. இதுல வேற யார் பேரும் இல்ல."

அவன் கட்டையிலிருந்து கையை எடுத்தான். "பூனைன்னா சொன்னா?"

"ஆமா தம்பி."

"என்கிட்ட யானைன்னு சொன்னா. பரவால்ல, முன்னேறியிருக்கேன்."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் பொண்ணு கேக்க வரல?"

"என்கிட்ட சொன்னா கேலி. ஊரெல்லாம் சொன்னா, என்னை நினைச்சு அவ வெட்கப்படறான்னு அர்த்தமாச்சே."

"ஊரெல்லாம் சொன்னது நான்! அவ வீட்டுக்குள்ள சொன்னா, என்கிட்ட மட்டும். அதுவும் எதுக்கு? உங்க பேச்சை எடுக்க அவளுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு."

அன்று சாயங்காலமே அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். தங்கை, அக்காவை முறைத்தபடியே சம்மதம் சொன்னாள். கல்யாண உடுப்புக்கு அளவெடுத்தபோது கூச்சத்தில் சிரித்துவிட்டாள். முறைப்பு அதோடு போயிற்று.

கல்யாணமான கையோடு மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, இருவரும் குடிபோனார்கள். ரயிலடியில் தையல்காரி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். ஆனால் 'போகாதே' என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிறகு, மனைவியை இழந்த பொத்தான் வியாபாரி ஒருவர், ஒரு சட்டைக்கு எத்தனை பொத்தான்தான் தைப்பார்கள் என்று தெருவே யோசிக்கும் அளவுக்குக் கடைக்கு வந்துபோனார். அடுத்த கோடையில் தையல்காரி அவரைக் கட்டிக்கொண்டாள்.