உச்சிக்கொடை நாளில் ஒரு ஞானஸ்நானம்

முக்கூடலுக்குக் கிழக்கே அந்த ஊரில் வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் ஜெபவீடு, அந்தப்பக்கம் சுடலைமாடன் கோயில். நடுவில் ஓடுவது முழங்கால் தண்ணீர்தான். மாடனுக்குப் பல வருஷம் கோமரத்தாடியாக நின்று ஆடியவன் தளவாய். கச்சை கட்டி, வல்லய ஈட்டியைக் கையில் பிடித்து, மகுடப் பறையில் அடி விழுந்ததென்றால் சாமி இறங்குவது அவன்மேல்தான். அவன் வாயிலிருந்து ஒரு வாக்குக் கேட்பதற்காக அசலூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அப்பேர்ப்பட்டவன் வேதத்தில் சேர்ந்து, உபதேசியாரிடம் பாடம் கேட்டு, இன்றைக்கு ஞானஸ்நானம் வாங்கப் போகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? இரண்டு கரையிலும் விடிந்ததிலிருந்து அதே பேச்சு.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாடனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கொடைவிழாவும் இன்றைக்குத்தான். குருவானவர் பாக்கியசீலன் ஐயா பல ஊர்ச் சபைகளைச் சுற்றி வருகிறவர். தமக்குத் தோதான ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லி அனுப்பிவிட்டார். அது கொடைச் செவ்வாய் என்று தானியேல் உபதேசியாருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. நாளை மாற்றச் சொன்னால் மாடனுக்குப் பயந்ததாக ஆகிவிடுமாம். ஆடப்போவது அவர் கால் இல்லையே, அவருக்கென்ன!

பயந்தவன் தளவாய்தான். போன இரண்டு கொடைக்கும் அவன் பாளையங்கோட்டைப் பக்கம் போய்விட்டான். என்னே வைராக்கியம், கொடையைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்கிறானே என்று உபதேசியார் மெச்சினார். வைராக்கியமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. எங்கோ தூரத்தில் மகுடம் கேட்டாலும் அவன் கால் பெருவிரல் துடிக்கும். பிறகு முழங்கால், பிறகு உடம்பு முழுவதும். இது அவனுக்கும் அவன் மனைவி சாரம்மாளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி என்று நினைத்திருந்தான். அவள் போன வருஷமே ஞானஸ்நானம் பெற்று, பேச்சித்தாய் என்ற பேரை விட்டவள். தளவாய் ஜெபம் பண்ணிப் பார்த்தான், உபவாசம் இருந்து பார்த்தான், ஆண்டவரே இந்தக் காலை அடக்கித் தாரும் என்று தரையில் விழுந்து அழுதும் பார்த்தான். கால் அடங்கவில்லை. அப்படியானால் நான் இன்னும் மாடனுடைய ஆள்தானா, இந்த விசுவாசமெல்லாம் வெறும் வாய்ப்பாடமா என்ற கேள்வி அவனைத் தின்றுகொண்டிருந்தது.

காலையில் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனபோது எதிர்க்கரையில் தம்பி பலவேசம் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் விட்டுவிட்டுப் போன கச்சையை இப்போது கட்டுகிறவன் அவன்தான். கேலி செய்ய வந்தவன் முகமாக அது இல்லை.

"உங் காலப்பத்தி எனக்குத் தெரியும்ண்ணே. மகுடம் விழுந்தா நீ அங்கன நிக்க மாட்டே. கச்சைய நான் இன்னும் கட்டல, ஒனக்காவ எடுத்து வச்சிருக்கேன்" என்றான்.

தளவாய் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுக் கரையேறினான். தம்பி சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே! தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் ஜெபவீட்டுக்கு நடந்தான்.

ஜெபவீட்டில் உட்கார இடமில்லை. வாசலிலும் ஜன்னலிலும் தலைகள். பாதிப்பேர் ஜெபிக்க வந்தவர்கள், மீதிப்பேர் என்ன ஆகிறதென்று பார்க்க வந்தவர்கள். வெள்ளை அங்கியில் குருவானவர், அவருக்கு முன்னால் ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரோடு ஒரு வெண்கல உருளி. பாட்டு முடிந்து, வாசிப்பு முடிந்து, தளவாய் முன்னால் போய் நின்றான். பிசாசையும் அவனுடைய கிரியைகளையும் விட்டுவிடுகிறீரா என்று குருவானவர் கேட்டார். பதில் சொல்லத் தளவாய் வாயைத் திறந்த அந்த நிமிஷத்தில் அக்கரையில் மகுடம் விழுந்தது.

வைக்கோல் தீயில் நன்றாகக் காய்ச்சிய தோல் போலிருக்கிறது, ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது. பெருவிரல் துடித்தது. பல்லைக் கடித்தான். முழங்கால் ஆடியது. இயேசுவே, இயேசுவே என்று உள்ளுக்குள் கதறினான். இடுப்பு ஆடியது, தோள் ஆடியது, அவிழ்ந்த தலைமுடி முகத்தில் விழுந்தது. கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தான்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து உபதேசியார் மனைவி ஹெப்சிபா எழுந்தாள். "ஆவியானவர் எறங்கிட்டாரு! சோத்திரம் சொல்லுங்க" என்றாள்.

கொஞ்ச நாளாகவே எங்கோ ஒரு சபையில் எழுப்புதல் உண்டாயிற்றாம், ஜனங்கள் நடுங்கி விழுந்தார்களாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நமக்கு எப்போது, நமக்கு எப்போது என்று காத்துக் கிடந்த சபை, கேட்க வேண்டுமா! அத்தனை பேரும் முழங்காலில் விழுந்தார்கள். சோத்திரம், சோத்திரம் என்ற முழக்கத்தில் ஓலைக்கூரை அதிர்ந்தது. தளவாயை இத்தனை நாள் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்கள்கூட அவன் காலைத் தொட வந்தார்கள். தானியேல் உபதேசியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். குருவானவரின் கண்ணும் கலங்கிவிட்டது.

தளவாய்க்கு மூச்சு வந்தது. தப்பித்தோம்! வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மாடன் கோயிலில் கிடைத்த மரியாதை அப்படியே இந்தக் கரைக்கும் வந்துவிடும். நாளைக்கு இங்கேயும் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாக்குக் கேட்பார்கள். அந்த நினைப்பு எவ்வளவு இனித்தது! இனித்ததனால்தான் அவனுக்குப் பயமே வந்தது. சாரம்மாளைப் பார்த்தான். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் சோத்திரம் சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றான். குரலும் ஆடியது. "இவங்க சொல்லுதது இல்ல இது. இது மகுடம். எங் காலு அதுக்குப் பழகுன காலு. நிப்பாட்டும், நிப்பாட்டும்னு ஆண்டவருகிட்ட கெஞ்சிப்பாத்துட்டேன். நிக்கல."

முழக்கம் பொட்டென்று அடங்கியது. காலைத் தொட வந்தவர்கள் பின்வாங்கினார்கள். தானியேல் உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவானவரின் காதோரம் குனிந்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், இந்தக் கோலத்தில் கொடுத்தால் அக்கரைக்காரன் சிரிப்பான் என்றார். ஆட்டம் மட்டும் நின்றபாடில்லை. பாக்கியசீலன் ஐயா தளவாயின் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"காலு அங்கன கூப்பிடுதுன்னா, நீரு ஏன்வே இன்னும் இங்கன நிக்கீரு?" என்று கேட்டார்.

தளவாய் இதை யோசித்ததே இல்லை. இத்தனை நாளும் ஆடுகிற காலைத்தான் பார்த்தானே தவிர, நிற்கிற இடத்தைப் பார்க்கவில்லை. கதவு திறந்து கிடக்கிறது. வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். அக்கரையில் கச்சை காத்திருக்கிறது. அவனோ இங்கே நிற்கிறான்! சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் நிக்கல ஐயா. எம் பெலத்துல நின்னிருந்தா எப்பவோ வாய்க்காலத் தாண்டியிருப்பேன். என்னைய ஆரோ பிடிச்சிருக்காரு."

குருவானவர் புஸ்தகத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று தளவாய் சொன்ன சத்தம் மகுடத்துக்கு மேலே கேட்டது. அக்கரையில் பலவேசத்தின் காதிலும் விழுந்திருக்கும்.

ஆடுகிற தலையில் தண்ணீர் வார்ப்பது லேசான வேலையா? முதல் கை தண்ணீர் தோளில் விழுந்தது, அடுத்தது தானியேல் உபதேசியாரின் முகத்தில். கடைசியில் குருவானவர் இடது கையால் அவன் பிடரியை இறுகப் பிடித்துக்கொண்டு, தேவதாசன் என்று பேரிட்டு, மூன்றாம் முறையும் வார்த்து முடிப்பதற்குள் அவருடைய அங்கியும் தொப்பலாக நனைந்துவிட்டது.

தண்ணீர் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டதா என்று பிறகு பலபேர் ஆவலோடு கேட்டார்கள். அதெல்லாம் நிற்கவில்லை. உச்சிக்கொடை முடிந்து மகுடம் ஓயும்வரைக்கும் தேவதாசன் சாரம்மாளுக்கு எதிர்வரிசையில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆடிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தான். இடத்தைவிட்டு மட்டும் அசையவில்லை.