யன்னலுக்கு வந்த மாதா

இல்ஃபோர்ட் வீட்டு யன்னலடியில் பியற்றிஸ் வளர்த்த செவ்வரத்தை மூன்று வருடமாக மொட்டு விட்டது; ஒன்றுகூட விரியாமல் உதிர்ந்தது. தண்ணீரைக் குறைத்தாள், உரத்தை மாற்றினாள், ஹீட்டரை நிற்பாட்டியதற்காகக் கணவரோடு சண்டையும் பிடித்தாள். பூக்க வைக்காமல் விடுவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அன்று மாலையும் செபமாலை சொல்வதற்காகச் செவ்வரத்தைச் சாடியைத் தூக்கிப் போய், இருட்டு மூலையிலிருந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தாள். இரண்டு மொட்டுகள் பொத்தென்று விழுந்தன.

"நான் இதுக்கு என்ன குறை விட்டனான்?" என்று சீறினாள்.

கணவர் மரியநேசன் நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு நாளும் வெளிச்சத்திலயிருந்து தூக்கிக்கொண்டு வந்து இருட்டுக்குள்ள வைச்சால் அது எப்பிடியப்பா பூக்கும்?"

பியற்றிஸுக்குச் சுருக்கென்றது. செபம் முடிந்ததும் சாடியை யன்னலடியில் வைத்து, அதைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டாள். பிறகு மாதாவைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இனி மாதா இஞ்சதான். செவ்வரத்தை அசையாது."

மூன்றாம் கிழமை ஒரு பூ விரிந்தது. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. ஆனால் அது மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தது. சாடியைத் திருப்ப மரியநேசன் கையை நீட்டினார்.

"கை வைச்சியளெண்டால் தெரியும்!"

பியற்றிஸ் மாதாவைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டி, பூவைப் பார்க்க வைத்தாள்.

"றோட்டால போறவை மாதாவின்ர முதுகைப் பாத்திட்டுப் போகட்டும்."