வால் இல்லாத தீவு

கேத்தரின் கொம்புத்தீவில் கால் வைத்ததே இல்லை. ஆனால் அங்குள்ள ஆமைக் காப்பகத்துக்கு வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டவள் அவள்தான், கடலே எட்டாத அடுகோடியில் ஒரு மாடி ஆபீசில், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

நூறு ஏக்கர்கூடத் தேறாத தீவு. நடுவில் பவளக்கல், வடக்கே அலையாத்திக் காட்டுச் சேறு, தெற்கே வாலாக நீளும் மணல்திட்டு. ஆமைகள் முட்டையிடுவது அந்த வாலில் மட்டும்தான். ஆடிக்காற்று அதை வழித்துக்கொண்டு போகும். கார்த்திகைக்கு மேல் கடலே திரும்பக் கொண்டுவந்து கொட்டும். இதெல்லாம் கடல் பார்க்காத அல்சூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு யார் சொன்னார்கள்? மேகம் இல்லாத செயற்கைக்கோள் படமாக எடு என்பது ஆபீஸ் சட்டம். பளிச்சென்று இருந்தது ஆடி மாசப் படம். எடுத்தாள். வால் இல்லாத தீவுக்குக் கோடு போட்டாள். போதாக்குறைக்கு அன்றைக்குப் பாராட்டு வேறு.

கோட்டுக்கு வெளியே மணல் அள்ளலாம் என்று இப்போது அனுமதி கொடுத்துவிட்டார்கள். தீவுக் காவலர் சாமிநாதன், வரைபடத்தின் மூலையில் இருந்த நம்பரைப் பிடித்து மாசி மாதம் போன் செய்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

மேனேஜர் ரகுராமிடம் ஓடினாள்.

“சார், தப்பு என்னோடது. ஒரே ஒரு கோடு, மாத்திக் குடுத்துடலாம் சார்.”

“கெஜட்ல வந்தாச்சு. ஆட்சேபணை சொல்ற டைமும் போயாச்சு. ஹோகலி பிடும்மா, விட்டுத்தள்ளு, நம்ம வேலை அன்னிக்கே முடிஞ்சுது.”

மூன்று நாளில் ஐந்து அலுவலகங்களுக்கு மெயில் அனுப்பினாள். நான்கு பேர் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது ஆள் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்.

நான்காம் நாள் காலை சாமிநாதன் மறுபடி கூப்பிட்டார். பின்னால் மணல் உறிஞ்சும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“தாயி, மிசினு வந்துருச்சு. முட்டையெல்லாம் வாளியில அள்ளிட்டேன். உங்க கோட்டுக்கு உள்ளாற கொண்டாந்துட்டேன்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. சீக்கிரம் புதைச்சிடுங்க.”

“அதுக்குத்தான் கூப்புட்டேன். உள்ளாற ஒண்ணு சேறு, இல்லேன்னா கல்லு, கடப்பாரை போட்டாலும் எறங்கலை. கரைக்குப் போக சாயங்காலம்தான் படகு வரும். வெயில் வேற ஏறுது. கோடு போட்டவுக நீங்க. எங்கன பொதைக்கட்டும், சொல்லுங்க.”

கேத்தரின் திரையில் தீவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். கோட்டுக்குள் ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை. அவர் லைனிலேயே காத்திருந்தார்.