மூடியைக் கட்டின கம்பி

இப்போ உள்ளவனுவளுக்கு ஒரு வேலையைச் செய்தா போதாது, அதை எவனுக்காவது போனில் காட்டவும் வேணும். சோறு தின்னா காட்டணும், சுவரு பூசினா காட்டணும்.

என் மருமகன் சிஜோவுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு புதுவீட்டு மரவேலை. வீட்டுக்காரன் மரியஜான் இருக்கிறது கத்தாரில். பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரிக்கிற நாள் நெருங்கிவிட்டது. சுவரும் மச்சும் சேருற மூலையில் ஒட்டுற மரப்பட்டி மட்டும் பாக்கி. கையாள் வரவில்லை என்று, நீளப் பட்டியின் மறுமுனையைத் தாங்க என்னைக் கூட்டிப் போனான். நான் ரப்பர் பால் வெட்டினவன். மரவேலை தெரியாது.

அவனுக்கு எல்லாம் தெரியும். "பட்டியைத் தலைகீழா வைக்கணும் மாமா. மச்சுல ஒட்டுற பக்கம் மெஷின் மேல, சுவருப் பக்கம் பின்னால தடுப்புல. கை வாளுக்கு ஒரு சாண் தள்ளி. வெட்டித் தீந்தாலும் வாளு நிக்காம தூக்கப்படாது." எல்லாம் அவன் வாயால் சொன்னதுதான்.

அந்த வாள் மெஷினுக்கு ஒரு மூடி உண்டு. வாளை இறக்கினால் ஒதுங்கும், தூக்கினால் தானே வந்து மூடும். வேலையைக் காட்ட சிஜோ போனை எதிரே சாத்தி வைத்திருந்தான். அதில் பார்த்துக்கொண்டிருந்த மரியஜான் சொன்னான், "வெட்டுறது தெரியல்லியே மக்கா. அந்த மூடி மறைக்குது."

சிஜோ ஒரு கம்பியால் மூடியைத் தூக்கிக் கட்டினான்.

"ஏலே, அது சும்மாவா கிடக்கு? கழத்துலே."

"மாமாவுக்குப் பேடி," என்று போன் சிரித்தது.

"இது உங்க பால்வெட்டுக் கத்தி இல்ல மாமா, கரண்டு," என்றான் சிஜோ.

"அதாம்லே எனக்குப் பயம்."

அவன் ரெண்டு கையை நம்பித்தான் என் மவ ஷிஜி அடுப்புப் பத்த வைக்கா. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். கேக்கணுமே.

கடைசியில் ஜன்னல் மூலைக்கு ஒரு குட்டித் துண்டு வேண்டியிருந்தது. நீளப் பட்டியை வீணாக்க மனசில்லை. கீழே கிடந்த மிச்சத் துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பிடித்து வாளை இறக்கினான். "இந்தப் பக்கம் காட்டு," என்றது போன். சிஜோ தலையைத் தூக்கினான், கூடவே நிக்காத வாளையும் தூக்கிவிட்டான். துண்டு சுவரில் போய் அடித்தது. மரத்தூளில் இடது பெருவிரலின் பாதி கிடந்தது.

"என்னாச்சு? ஒண்ணும் தெரியல்லியே," என்றான் மரியஜான்.

ஆஸ்பத்திரியில் ஒட்ட முடியாது என்றுவிட்டார்கள். ஷிஜி அழவில்லை. "அப்பா, நீங்க கூடத்தானே நின்னிய?" என்று மட்டும் கேட்டாள்.

புண் ஆறியதும் அதே வீட்டுக்குத்தான் போனோம். மந்திரிப்பு முடிந்திருந்தது, ஜன்னல் மூலை அப்படியே வாயைத் திறந்து கிடந்தது. சிஜோ மெஷினைக் காட்டினான். "பாருங்க மாமா, மூடியில கட்டின கம்பியை அவுத்தாச்சு. சின்னத் துண்டையும் இனி நீளப் பட்டியில இருந்துதான் வெட்டுவேன். ஒண்ணும் வராது."

"அன்னைக்கும் உனக்கு இது தெரியும்லா?"

தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுக்கலாம். தெரிஞ்சு செய்தவனை என்ன செய்ய? பார்த்தால், அவுத்த கம்பி ஆணியில் தொங்குது.

"அது எதுக்குலே?"

"கிடக்கட்டும் மாமா. எதுக்காவது ஆகும்."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. "எடுக்க மாட்டேன்," என்று அமத்தினான். மறுபடியும் அடித்தது.

நான் தாங்கிக்கொண்டிருந்த பட்டியின் முனையை ஒரு ஸ்டூலில் ஏற்றி வைத்தேன். கம்பியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவனுக்கு வேற கம்பியா கிடைக்காது?